கேஸில் ஜெயிக்கக் கந்தர் சஷ்டி கவசம் 36 உரு ஓதலாமா?

செந்தில்_கரூர்

வணக்கம். கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை தைத்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கும் சின்னத் தொழில் எனக்கு. கூட்டாளியாக இருந்தவர் எனக்குத் தெரியாமல் ஆர்டர்களை வேறு பெயருக்கு மாற்றிக்கொண்டு, கணக்கும் காட்டாமல் விலகிவிட்டார். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. நடக்கிறது என்பதைவிட, வாய்தா மேல் வாய்தாவாக நிற்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வீட்டில் பெரியம்மா ஒரு வழி சொல்கிறார். ஐப்பசியில் வரும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்து, அதில் ஒரு நாளாவது கந்தர் சஷ்டி கவசத்தை 36 உரு, அதாவது 36 முறை, ஓதி முடித்தால் எதிரி தானாக அடங்குவானாம். கூடவே திருச்செந்தூரில் பகை அழிய வேண்டிச் செய்யும் சத்ரு சம்ஹார அர்ச்சனையும் செய்துவிடச் சொல்கிறார். சரவணபவ மந்திரத்தை லட்சம் முறை ஜெபித்தால் போதும் என்று இன்னொருவர்.

என் சந்தேகங்கள். 36 உரு ஒரே நாளில் நடக்கிற காரியமா? சரவணபவ சொல்லத் தீட்சை வேண்டுமா? அப்புறம், உண்மையில் என்னை உறுத்துவது இதுதான்: அந்த மனிதர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். என் மகள் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்தவர். அவருக்கு எதிராக மந்திரம் சொல்ல மனசு ஒப்பவில்லை. கோபமும் குறையவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சி_அக்கா

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 36 கணக்கு யாரோ கிளப்பிவிட்டது இல்லை. கவசத்தின் கடைசிப் பகுதியில், பலன் சொல்லும் இடத்தில், "ஒருநாள் முப்பத்தாறுருக் கொண்டு" என்று கவசத்தை எழுதிய தேவராய சுவாமிகளே வைத்திருக்கிறார்.

நேரத்தைப் பாருங்கள். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய மெட்டில் நிதானமாகப் பாடினால் ஒரு முறைக்கு ஏறக்குறைய 20 நிமிடம். 36-க்கு 12 மணி நேரம் ஆகிவிடும். மெட்டை விட்டுவிட்டு மனப்பாடமாக ஓதினால் 10 நிமிடத்தில் முடிக்கலாம், அப்போதும் 6 மணி நேரம். எங்கள் பக்கத்தில் விடியற்காலை 4 மணிக்கு உட்கார்ந்து காலையில் 12, உச்சியில் 12, மாலையில் 12 என்று பிரித்துக்கொள்வார்கள். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. தொண்டைக்கு வெந்நீரும் பனங்கற்கண்டும். முடியாத காரியம் இல்லை.

ஆனால் பதினைந்து உருவைத் தாண்டினால் நாக்கு தானாக ஓடும், மனசு கடைத்தெருவுக்குப் போய்விடும். "சிந்தை கலங்காது" என்ற நிபந்தனையும் அந்த 36-க்குப் பக்கத்திலேயே இருப்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கும் முன்னால் "காலையில் மாலையில் கருத்துடன் நாளும்" என்று வருகிறது. தொழில் செய்கிறவருக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்விக்குறி

கோபப்படாமல் படியுங்கள். எதிர்த்தரப்பும் முருக பக்தராக இருந்து, அவரும் 36 உரு ஓதினால் முருகன் யார் பக்கம்? கரூர் வட்டாரத்தில் பழனிக்கும் சென்னிமலைக்கும் போகாத குடும்பம் ஏது? ஜட்ஜும் போகிறவராக இருக்கலாம்.

செந்தில்_கரூர்

நீங்கள் விளையாட்டாகக் கேட்டாலும் நிலைமை அதுதான். அவர் வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். சேர்ந்தே போயிருக்கிறோம்.

ஞானவேல்

ஐயா, இங்கே சத்ரு என்பது வெளியில் இருக்கும் ஆள் இல்லை. காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம் (பொறாமை) என்ற ஆறு பகையைத்தான் ஆறுமுகன் அழிக்கிறான். சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை. இதை உணர்ந்து ஓதினால் கேள்வியே எழாது.

தென்திசை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தத்துவம் சரிதான், சைவ சித்தாந்திகள் சொல்வதுதான். ஆனால் கவசத்தைக் கையில் எடுத்து வரி வரியாகப் படியுங்கள். "குத்து குத்து கூர்வடி வேலால்" என்று இருக்கிறது. "முட்டு முட்டு விழிகள் பிதுங்கிட" என்று இருக்கிறது. மாற்சரியத்துக்கு விழி எங்கே இருக்கிறது பிதுங்க? இதை எழுதியவரும் அன்று ஓதியவர்களும் நிஜமான பயத்தோடுதான் முருகனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பயத்தை வெள்ளையடித்து மறைக்க வேண்டியதில்லை.

எதற்குப் பயந்தார்கள் என்பதும் உள்ளேயே இருக்கிறது. பாம்பு, தேள், செய்யான், பூரான். வலிப்பு, பித்தம், சூலை, குன்மம், சிரங்கு, ஒருதலை நோய். கொள்ளிவாய்ப் பேய், குறளைப் பேய், பிரம்மராட்சதர். வீட்டுக்குள் புதைத்து வைத்த பாவை, பூனை மயிர், நகம், எலும்பு. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் குடும்பம் இரவில் எதையெல்லாம் நினைத்துத் தூங்காமல் கிடந்ததோ, அதன் முழுப் பட்டியல் அது. பக்கத்தில் டாக்டர் இல்லாத ஊரில் விஷக்கடிக்கு இதைத்தான் ஓதினார்கள்.

இப்போது மனிதப் பகைவன் வரும் இடங்களுக்கு வாருங்கள். "மாற்றார் வஞ்சகர் வந்து வணங்கிட" என்று ஓரிடம். "மாற்றலர் எல்லாம் வந்து வணங்குவர்" என்று பலன் சொல்லும் இடத்தில் இன்னொன்று. இவை இரண்டுக்கும் முன்னால் "பெரும்பகை அகல". கட்டு, உருட்டு, குத்து எல்லாம் பேய்க்கும் பில்லிசூனியத்துக்கும். இந்த இடங்களில் மனிதனுக்கு வந்து வணங்குவதோடு சரி. சாகவேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. செந்தில் அவர்களின் உறுத்தலுக்கு நூலிலேயே பதில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அவர் அடங்கி வந்து கணக்குக் காட்டவேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால், கவசம் கேட்பதும் அதையேதான்.

கேள்விக்குறி

இது நல்ல வாசிப்பு. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இருவரும் ஓதினால் இருவரும் வந்து இருவரையும் வணங்குவார்களா?

தென்திசை

வணங்கட்டுமே! கேஸ் முடிந்துவிடும்.

ஆகமவழி

மந்திரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சரவணபவ என்பதை இறைவன் பெயராகச் சொல்ல யாருக்கும் தடையில்லை, தீட்சையும் வேண்டாம். குளித்துத்தான் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லலாம். அதையே ரிஷி, சந்தஸ், நியாசம், தியானம் என்ற முறையோடு, பீஜங்கள் எனும் ஓரசை மூல ஒலிகளைச் சேர்த்து, சங்கல்பம் செய்து, எண்ணிக்கை வைத்து ஜெபிப்பதானால் குரு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீடியோ போடுகிறவர்களால் வரும் தொல்லை இது.

லட்சம் என்று சொன்னவர் உங்களுக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார். மந்திர சித்திக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு எழுத்துக்கு ஒரு லட்சம். ஆறெழுத்துக்கு 6 லட்சம். மாலையில் 108 மணி இருந்தாலும் தவறுக்கு எட்டைக் கழித்து நூறாகத்தான் எண்ணுவார்கள். எனவே 6,000 மாலை. தினம் 10 மாலை என்றால் 600 நாள். அதற்குப் பிறகு பத்தில் ஒரு பங்கு, அதாவது 60,000 ஆகுதி ஹோமம், அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம். இது வாய்தா தேதிக்குள் முடிகிற காரியமில்லை.

அப்புறம் ஜெபம் மூன்று வகை. பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனதுக்குள் மட்டும் ஓடுவது மானசம். ஒன்றைவிட அடுத்தது உயர்வு. கோபத்தோடு மானச ஜெபம் செய்ய உட்கார்ந்தால் மந்திரம் ஓடாது, அந்த ஆளோடு சண்டைதான் மனதில் ஓடும். அதனால் உங்களுக்கு இப்போது வாய்விட்டுச் சொல்வதே நல்லது.

கடைசியாக ஒன்று. மந்திர நூல்கள் வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம், பேதனம், வித்வேஷணம், மாரணம் என்று எட்டுக் கர்மங்களைச் சொல்லும். பின்பாதியில் இருப்பவை குடும்பஸ்தர் கைவைக்கக் கூடாதவை. யாராவது "எதிரியின் பெயர், நட்சத்திரம், போட்டோ கொடுங்கள், தனிப் பூஜை செய்கிறோம்" என்று பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கேள்விக்குறி

பீஜம் சேர்ந்தால் குரு வேண்டும் என்கிறீர்கள். கவசத்தில் "ஐயும் கிலியும் அடைவுடன் சௌவும்" என்று பீஜங்கள் அப்படியே இருக்கின்றனவே. ஊரில் எல்லா டீக்கடை ஸ்பீக்கரிலும் ஓடுகிறது.

ஆகமவழி

உண்மைதான். "ரஹண பவச", "விணபவ சரஹ" என்று வருவதும் ஆறெழுத்தை இடம் மாற்றி வைத்ததுதான். அவற்றைப் பாட்டுக்குள் வைத்துக் கொடுத்ததே சாதாரண மனிதரும் பயமில்லாமல் சொல்லட்டும் என்றுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாராயணத்துக்கு ஒரு சட்டம், ஜெபத்துக்கு வேறு சட்டம். தோத்திரம் ஓதத் தீட்சை கேட்ட குரு யாரையும் நான் பார்த்ததில்லை.

மீனாட்சி_அக்கா

ஸ்பீக்கர் என்றதும் நினைவுக்கு வந்தது. செல்போனில் 1008 முறை ஓடவிட்டுவிட்டுச் சமையல் செய்வதை ஜெபம் என்று கணக்கு வைக்கிறார்கள் இப்போது. கேட்பது நல்லதுதான், வீடு நன்றாக இருக்கும். உரு என்பது உங்கள் வாயில் ஏறவேண்டும். "உரு ஏறத் திரு ஏறும்" என்பது போனுக்குச் சொன்னது இல்லை.

ஏரகத்தான்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முருகனுக்கு ஆறெழுத்து மந்திரம் ஓதுவதைத் தமிழில் காட்டும் மிகப் பழைய இடம் திருமுருகாற்றுப்படை. 317 அடிகளில் நக்கீரர் பாடியது. அதில் திருவேரகம் பற்றிய பகுதியைப் பாருங்கள். நீராடி வந்த அந்தணர்கள், உடுத்த துணி உடம்பிலேயே காய, உச்சிமேல் கைகூப்பி, "ஆறெழுத்து அடக்கிய அருமறைக் கேள்வி" என்ற மந்திரத்தை "நாவியல் மருங்கின் நவிலப் பாடி" நிற்கிறார்கள். நா அசையும் அளவுக்கு, மெல்ல. மேலே ஆகமவழி சொன்ன உபாம்சு போலத்தான் எனக்குப் படுகிறது. அந்த ஆறெழுத்து "நமோ குமாராய" என்பது நச்சினார்க்கினியர் உரை. இன்று நாம் சரவணபவ என்கிறோம். பழைய உரைகாரர் காலத்தில் வேறொன்றையும் ஆறெழுத்தாகக் கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஈரத்துணி மனிதர்கள் எதையும் கேட்பதாகப் புலவர் சொல்லவில்லை. பூவை ஏந்தி நிற்கிறார்கள், அவன் மகிழ்ந்து அங்கே உறைகிறான், அவ்வளவுதான். அதற்காக அவன் போர்த்தெய்வம் என்பதை நக்கீரர் மறைத்தாரா என்றால் இல்லை. அதே பாட்டின் பிற்பகுதியில் "வெற்றி வெல்போர்க் கொற்றவை சிறுவ" என்றும், தேவர் படைக்குத் தலைவன் என்றும் அழைக்கிறார். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் "சேனாபதிகளில் நான் ஸ்கந்தன்" என்கிறான். வடக்கே யௌதேயர் என்ற போர்க்குடியினர் தங்கள் காசுகளில் வேலோடு நிற்கும் கார்த்திகேயனைப் பொறித்தார்கள். குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் காசுகளிலும் ஸ்கந்தன், விசாகன் பெயர்கள் உண்டு. படைக்குப் போகிறவன் அவனைத் தொழுதான் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அது அரசன் கேட்ட வெற்றி. தஞ்சையைப் பிடித்த விஜயாலய சோழன் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. தொல்காப்பியம் கொற்றவை நிலையை வெட்சியில், போரின் தொடக்கத்தில், வைக்கிறது. அந்தப் படைத் தெய்வத்தைப் பங்காளிச் சண்டைக்கும் பாகப்பிரிவினைக்கும் கூப்பிடுவது பிற்கால வழக்கம் என்றுதான் நினைக்கிறேன். தப்பு என்று சொல்லவில்லை. ராஜாக்கள் போனபின் தெய்வம் சும்மா இருக்க முடியுமா?

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பரிகாரம் செய்து தருவதாகத் தொலைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம்.

தணிகைவேல்

யாரும் வேல்மாறலைச் சொல்லவில்லையே. இப்போது பலரும் 48 நாள் ஓதுவது அதைத்தான். அருணகிரிநாதரின் வேல் வகுப்பு 16 அடி. அந்த அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றி, ஒவ்வோர் அடியும் நான்கு முறை வரும்படி 64 ஆகத் தொகுத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் "திருத்தணியில் உதித்தருளும்" என்ற அடி திரும்பத் திரும்ப வரும். சந்தம் பிடித்துவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அதில் பாடப்படுவது வேலின் புகழ். அடியவருக்கு இடர் நினைப்பவரை வேல் களையும் என்று ஓர் அடி உண்டு, ஆனால் ஓதுகிறவனின் எதிரி இன்னார் என்ற பேச்சு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முருகன் கோயில்களில் எல்லாம் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் மட்டும் கிடையாது. போர் முடித்துச் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் அன்று அங்கே புஷ்பாஞ்சலிதான். அசுரரைப் பிளக்கும் வேலைப் பாடும் வேல்மாறலில் அடிக்கடி வந்து நிற்பது அந்தச் சண்டையில்லாத மலையின் பெயர். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. கோயில் தெருவில் பிறந்தவன், கொஞ்சம் ஊர்ப்பாசமும் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்_பேத்தி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் கந்தசட்டி என்றால் கவசத்தைவிடப் பெரியது கந்தபுராணப் படிப்பு. கோயில் மண்டபத்தில் ஒருவர் கச்சியப்பரின் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். 10,345 பாட்டு இருக்கிற புராணம், ஆறுதலாகத்தான் போகும். விரதம் பிடிக்கிறவர்கள் பாலும் பழமும், சிலர் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு இருந்து கேட்பார்கள். ஆறாம் நாள் பின்னேரம் சூரன் போர். பெடியள் சூரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டுகிற ஆட்டத்தில் வீதியே அதிரும்.

செந்தில் அண்ணாவுக்கு நான் சொல்ல வந்தது புராணத்தில் இருக்கிற இரண்டு இடங்கள். போர் தொடங்க முதல் முருகன் வீரவாகுதேவரைத் தூது அனுப்புகிறார். சிறையில் இருக்கிற தேவர்களை விட்டுவிடு, உன் அரசு உனக்கே இருக்கட்டும் என்பதுதான் செய்தி. சூரன் கேட்கவில்லை. தம்பி சிங்கமுகன் சொல்லியும் கேட்கவில்லை.

மற்றது, கடைசிப் போரில் விசுவரூபத்தைக் கண்டபிறகு சூரனே சொல்லுகிற பாட்டு. "கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப் பாலன் என்று இருந்தேன் அந்நாள்" என்று தொடங்கும். எங்கள் ஊரில் இந்தப் பாட்டு வரும்போது அம்மம்மாக்கள் கண்ணைத் துடைப்பார்கள். எதிரியின் வாயாலேயே முருகனுக்கு அத்தனை அழகான துதி. பிறகு அவனுக்குத் திரும்பவும் அகங்காரம் வந்து, மாமரமாக நின்று, வேல் பிளந்து, ஒரு பாதி சேவலாகவும் மற்றப் பாதி மயிலாகவும் ஆகி, முருகனோடேயே இருக்கிறான். எங்கள் ஐயா இதைப் பயன் சொல்லும்போது, "சூரனைக் கொன்ற கதை என்று சொல்லாதே, சூரன் கோயிலுக்குள்ளே வந்த கதை என்று சொல்லு" என்பார்.

மலர்விழி_சென்னை

நல்லூர்த் தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முருகனடியாரான பாம்பன் சுவாமிகள் பகை கடிதல் என்று பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். பகை தீர ஓதுவதற்கென்றே உள்ளது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடிவது "கொணர்தி உன் இறைவனையே" என்றுதான். மயிலைப் பார்த்து, உன் தலைவனை இங்கே கூட்டிக்கொண்டு வா என்று வேண்டுகிறார். மயில் யார்? சூரன்! பகை தீர்வதற்குப் பழைய பகைவனையே தூது அனுப்புகிறார் பாருங்கள்.

அவருடைய சண்முக கவசமும் உண்டு. 1891-இல் பாடியது. அகரம் முதல் ஔகாரம் வரை 12, ககரம் முதல் னகரம் வரை 18, ஆக 30 பாட்டு. 1923 டிசம்பரில் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி ஏறிச் சுவாமிகளின் கால் முறிந்து பொது மருத்துவமனையில் கிடந்தபோது, அடியவர்கள் அவருக்காக ஓதியது இந்தக் கவசத்தைத்தான். எலும்பு கூடியது. அதன் நினைவாகத் திருவான்மியூரில் இன்றும் மயூர வாகன சேவன விழா நடக்கிறது. படை வந்து நிற்பதாகப் பாடும் கவசங்களை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்தியது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

ஏரகத்தான்

மலர்விழி அம்மா, அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஒரு திருத்தம். அந்தப் பாட்டில் "குருகுகன் முதன்மயிலே" என்று வருகிறது. முருகனுக்கு மூன்று மயில்கள் என்பது மரபு. மாங்கனிக்காக உலகைச் சுற்றியது மந்திர மயில், போரில் இந்திரன் மயிலாகித் தாங்கியது தேவ மயில், சூரன் ஆனது அசுர மயில். முதன்மயில் என்றால் பிரணவமாகிய மந்திர மயிலைத்தான் கொள்ளவேண்டும். சூரன் மூன்றாவது ஆள்.

மலர்விழி_சென்னை

ஐயா, சூரனைக் கண்டபோது சுமந்து நின்றதே வேறு மயில் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஓதுகிற என் போன்றவர்களுக்குக் கண் முன்னால் நிற்பது படத்தில் இருக்கிற ஒரே மயில்தான். நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள்.

ஏரகத்தான்

வைத்துக்கொள்ளுங்கள். மயில் மறுக்கப்போவதில்லை.

கோலாலம்பூர்_குமரன்

இங்கே பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் படி ஏறும்போது சொல்வது "வேல் வேல், வெற்றிவேல்" மட்டுமே. மூச்சு வாங்கும்போது நீளமான மந்திரம் எதுவும் வாயில் வராது. அதுவும் மந்திரம்தானே?

ஆகமவழி

தாராளமாக.

கடற்கரை_செந்தூர்

திருச்செந்தூரில் இருக்கிறேன், அர்ச்சனை பற்றி விவரம் சொல்கிறேன். சத்ரு சம்ஹார திரிசதி என்பது முந்நூறு நாமங்கள். சங்கல்பத்தில் கேட்பது உங்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம். எதிரியின் பெயரை அர்ச்சகர் கேட்கமாட்டார், நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். எனவே அந்த மனிதருக்கு எதிராக ஏதோ ஏவிவிட்டோம் என்ற எண்ணமே தேவையில்லை. உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பது எதுவோ அது விலகட்டும் என்பதுதான் வேண்டுதல்.

சம்ஹாரத்தன்று வருவதாக இருந்தால் கடற்கரையில் நிற்க இடம் பிடிக்கவே காலையில் வந்துவிடவேண்டும். உற்சவரான ஜெயந்திநாதர் மாலையில் கடற்கரைக்கு எழுந்தருளி, யானைமுகம், சிங்கமுகம், சொந்த முகம் என்று சூரன் மாறி மாறி வர, கடைசியில் சேவலாக ஆட்கொள்வார். கூட்டம் அதோடு கலைந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பார்க்க நிற்போம். போர் முடித்த சுவாமிக்கு எதிரே கண்ணாடி வைத்து, கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயாபிஷேகம் என்று பெயர். சண்டை போட்டுச் சூடேறி வந்தவரைக் குளிரவைக்க வேண்டுமே.

குமாஸ்தா_கோபி

வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவன். மேலே அந்தத் தங்கை எழுதிய வீரவாகு தூதுதான் எங்கள் பாஷையில் லீகல் நோட்டீஸ். முருகனே நோட்டீஸ் அனுப்பாமல் கேஸ் போடவில்லை என்று இனிமேல் கட்சிக்காரர்களிடம் சொல்லப்போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செந்தில் சார், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவில் கோர்ட்டே உங்கள் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சமரச மையம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காரவேண்டும், நடுவில் பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இருப்பார். அங்கே பேசியதைப் பின்னால் கோர்ட்டில் சாட்சியமாக இழுக்க முடியாது. ஒத்துவந்தால் அதையே தீர்ப்பாக எழுதிவிடலாம், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வர வழி உண்டு. ஒத்துவரவில்லை என்றால் கேஸ் பழையபடி நடக்கும், உங்களுக்கு நஷ்டம் இல்லை. சேர்ந்து பழனிக்கு நடந்தவர்கள் என்கிறீர்கள். உங்கள் வக்கீலிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மந்திரத்தை அது தடுக்காது, மந்திரமும் இதைத் தடுக்காது.

கேள்விக்குறி

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த மந்திரம் 89-ஆவது பிரிவுதான்.

ஞானவேல்

எல்லோரும் சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வருகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

தென்திசை

இல்லை ஐயா. நீங்கள் எதிரியே இல்லை என்றீர்கள். நாங்கள் எதிரி இருக்கிறான், கோபம் நியாயமானது, ஆனால் கேட்பதில் ஒரு அளவு இருக்கிறது என்கிறோம். செந்திலுக்கு வரவேண்டிய பணம் மாற்சரியத்தின் கணக்கில் இல்லை, அந்தக் கூட்டாளியின் கணக்கில் இருக்கிறது.

செந்தில்_கரூர்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் நேரம் செலவழித்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

வக்கீலிடம் பேசினேன். சமரசத்துக்கு மனுப் போடலாம் என்கிறார். எதிர்த்தரப்பு வருமா என்பது தெரியாது. ஓதும் விஷயத்தில், சஷ்டி ஆறு நாளும் காலை, மாலை ஒவ்வொரு முறை கவசம். சரவணபவ வெறும் பெயராகவே, எண்ணாமல். வேல்மாறல் சந்தம் எனக்கு இப்போதைக்குப் பிடிபடவில்லை, கேட்டுப் பழகுகிறேன். 36 உருவைப் பெரியம்மாவே எடுத்துக்கொள்கிறாராம். அவர் "குத்து குத்து" வரும் இடத்தில் யாரை நினைத்துக்கொள்வார் என்று நான் கேட்கப்போவதில்லை. அர்ச்சனையை என் பெயரில் செய்கிறேன். நிறுவனத்தின் பெயரிலும் செய்யலாமா என்று யோசனை. அது இருவரும் சேர்ந்து வைத்த பெயர்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஆறு நாளும் உபவாசம் தாங்குமா? விரதத்தை எப்போது முடிக்கவேண்டும், சம்ஹாரம் முடிந்த இரவா?

கடற்கரை_செந்தூர்

நிறுவனத்தின் பெயரில் தாராளமாகச் செய்யலாம். கடைகளின் பெயரில் தினமும் அர்ச்சனை நடக்கிறது.

மீனாட்சி_அக்கா

மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கவே கூடாது தம்பி. டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒருவேளைச் சாப்பாடும் மற்ற வேளை பால், பழமும் என்றோ, மூன்று வேளையும் அளவாக வெங்காயம், பூண்டு இல்லாமலோ வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். முருகனுக்கு உங்கள் சர்க்கரை அளவு ஏறி இறங்குவதில் எந்த லாபமும் இல்லை.

நல்லூர்_பேத்தி

எங்கள் பக்கம் சூரன் போர் முடிந்த இரவு விரதத்தை முறிப்பதில்லை அண்ணா. அடுத்த நாள் விடிய முழுகி, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்துதான் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிறது. அன்றைக்குத்தான் திருக்கல்யாணம். தனியே இருந்து சாப்பிடாமல் யாரையாவது கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். யாரைக் கூப்பிடுகிறது என்பது உங்கள் விருப்பம்.